வளைகுடாவில் ஓடிய நம் ரூபாய்



நான் பர்கூர்க்காரன். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன். டீசல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறும். சூரத்திலிருந்து வரும் துணியின் அடக்க விலை ஏறும். அப்பா பழைய விலையை அடித்துவிட்டுப் புது விலை எழுதுவார். சின்ன வயதில் காரணம் கேட்டால், "டாலர் ஏறிடுச்சாம்டா" என்பார்.

எண்ணெய் அரபு நாட்டில் கிடைக்கிறது. லாரி நம் ஊரில் ஓடுகிறது. நடுவில் அமெரிக்க டாலருக்கு என்ன வேலை? பி.காம். சேர்ந்த பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். அப்போது கிடைத்த ஒரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு காலத்தில் அந்த எண்ணெய் மண்ணில் கடைத்தெருவில் ஓடிய பணம் நம் இந்திய ரூபாய்தான்!

முத்து விற்ற காலம்

குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், அபுதாபி, மஸ்கட் எல்லாம் அன்று பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த சிறு ஆட்சிகள். 1947 வரை இந்தப் பகுதியைக் கவனித்த பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்திய அரசின் கீழ்தான் வேலை பார்த்தார்கள். வளைகுடாவில் எடுத்த முத்து பம்பாய்க்கு வந்தது. இங்கிருந்து அரிசியும் துணியும் அங்கே போயின. வாங்குவதும் விற்பதும் பம்பாயோடு என்றால் பணமும் பம்பாய்ப் பணமாகத்தானே இருக்கும்? யாரும் சட்டம் போட்டுத் திணிக்க வேண்டியிருக்கவில்லை. வியாபாரம் போன வழியிலேயே ரூபாயும் போனது.

பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து வளைகுடா முத்துத் தொழிலைச் சாய்த்தது. அதே காலத்தில் 1932-ல் பஹ்ரைனிலும், 1938-ல் குவைத்திலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் வந்த பிறகும் அங்கே ரூபாய் தொடர்ந்து ஓடியது. நாம் சுதந்திரம் அடைந்த பிறகும்கூட!

தங்கம் செய்த வேலை

சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் தங்க இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அதனால் இங்கே தங்கத்தின் விலை வெளிநாட்டை விட மிக அதிகம். கடத்தல்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? வளைகுடாவில் தங்கம் வாங்கிப் படகில் ஏற்றி, பம்பாய்க் கரையில் இறக்கி, ரூபாய்க்கு விற்றார்கள். அந்த ரூபாயை அப்படியே வளைகுடாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கேதான் ரூபாய் செல்லுமே! அங்குள்ள வங்கிகள் அந்த நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பவுண்டாக மாற்றிக்கொண்டன. மொத்தத்தில், கடத்தல் தங்கத்துக்கான விலையை இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பே கொடுத்தது.

இந்த ஓட்டையை அடைக்க 1959-ல் சட்டம் திருத்தப்பட்டது. வளைகுடாவுக்கென்று தனி நோட்டு வந்தது. அதை வெளியிட்டதும் நம் ரிசர்வ் வங்கிதான். நிறம் வேறு, எண்ணுக்கு முன்னால் 'இசட்' என்ற எழுத்து இருக்கும். இந்தியக் கடைகளில் அது செல்லாது. மதிப்பு மட்டும் நம் ரூபாயின் மதிப்பேதான். ஒரு பவுண்டுக்கு பதின்மூன்றே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதைத்தான் 'வளைகுடா ரூபாய்' என்கிறார்கள்.

1966 ஜூன் 6

குவைத் 1961-ல் தன் சொந்த தினாருக்கு மாறியது. பஹ்ரைன் 1965-ல் மாறியது. தனி நாடாகிறவர்கள் தனி நாணயம் வைத்துக்கொள்வது இயல்புதான். அதில் நமக்கு வருத்தம் வேண்டாம். ஆனால் மிச்சமிருந்தவர்கள் விலகிய கதை வேறு.

1962-ல் சீனாவுடன் போர், 1965-ல் பாகிஸ்தானுடன் போர், கூடவே கடும் வறட்சி. அமெரிக்க உதவியும் நின்றது. கடைசியில் 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனது. மத்திய அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியம் இதை ஆதரித்தார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசருக்கோ இதில் உடன்பாடில்லை.

இதை துபாய் வியாபாரி ஒருவரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவர் பெட்டியில் ஆயிரம் வளைகுடா ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் வரை அதன் மதிப்பு 75 பவுண்டு. மறுநாள் 48 பவுண்டுகூட இல்லை! அவர் ஊரில் போரும் இல்லை, வறட்சியும் இல்லை. டெல்லியில் எடுத்த முடிவுக்கு அவர் ஏன் நஷ்டப்பட வேண்டும்? துபாய், கத்தார் எல்லாம் ரூபாயைக் கைவிட்டு அதே ஆண்டில் தங்கள் சொந்த ரியாலுக்குப் போய்விட்டன. ஓமன் மட்டும் 1970 வரை ரூபாயை வைத்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. துபாய்க் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1966-ல்தான்!

டாலர் வந்த பாதை

பிரிட்டிஷ் பவுண்டும் தப்பவில்லை. 1967-ல் அதன் மதிப்பும் குறைக்கப்பட்டது. 1971-ல் பிரிட்டன் வளைகுடாவை விட்டு வெளியேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன், டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். அதோடு டாலரும் சாய்ந்திருக்க வேண்டும் அல்லவா? சாயவில்லை. 1973 போருக்குப் பின் எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. எண்ணெய் டாலரில்தான் விற்கப்பட்டது. 1974-ல் அமெரிக்காவும் சவுதியும் பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டன. எண்ணெய் விற்ற டாலரில் பெரும் பகுதி அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களுக்கே திரும்பிப் போனது. உலகில் எல்லோருக்கும் எண்ணெய் வேண்டும், ஆகவே எல்லோருக்கும் டாலர் வேண்டும். ரூபாயை நாம் அச்சடிக்கலாம். டாலரைச் சம்பாதிக்கத்தான் வேண்டும்.

பர்கூரும் 1991-ம்

1991 ஜூன் என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும். பர்கூரில் வென்ற ஜெயலலிதா முதல்முறையாக முதலமைச்சர் ஆன மாதம் அது. ஊரே அந்தக் கொண்டாட்டத்தில் இருந்தபோது நாட்டின் கல்லாப்பெட்டி காலியாக இருந்தது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. குவைத்திலிருந்து நம்மவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விமானத்தில் திரும்பினார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணமும் நின்றது. ஏற்கெனவே கடனில் இருந்த நாட்டிடம் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் டாலர் மிச்சம். மே மாதம் 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி மூலம் வெளிநாட்டுக்குப் போனது. அது கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கம்! ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கம் சுமார் 47 டன் அடகுக்குப் போனது. அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்த மண்ணில் நம் ரூபாய் கொடுத்துச் சாமான் வாங்கினார்களோ, அந்த மண்ணின் எண்ணெய்க்காக முப்பதே ஆண்டுகளில் தங்கத்தை அடகு வைத்தோம்.

திரும்பி வருமா?

2022 ஜூலையில் ரூபாயிலேயே வெளிநாட்டு வணிகம் செய்ய ரிசர்வ் வங்கி வழி செய்தது. 2023 ஆகஸ்டில் அபுதாபியின் எண்ணெய் நிறுவனத்திடம் பத்து லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் வாங்கி, இந்தியன் ஆயில் ரூபாயில் பணம் கொடுத்தது. படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அதே ஆண்டு மே மாதம் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் கோவாவில் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்திய வங்கிகளில் ரஷ்யாவுக்குப் பல நூறு கோடி ரூபாய் சேர்ந்து கிடக்கிறது, அதைச் செலவழிக்க வழியில்லை என்பதுதான் அவர் சொன்ன குறை. நம்மிடம் வாங்க அவர்களுக்குப் போதுமான பொருள் இல்லை. விஷயம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் தெருவில் சில வியாபாரிகளின் துண்டுச் சீட்டுக்குக்கூடச் சரக்கு கிடைக்கும். சிலர் ரொக்கம் வைத்தால்தான் பண்டலையே பிரிப்பார்கள். முதல் ஆளிடம் என்ன இருக்கிறது? அந்தச் சீட்டைக் கொண்டு போனால் அவர் கடையில் வேண்டிய பொருள் கிடைக்கும். இன்றைய மதிப்பு நாளைக்கும் இருக்கும். ரூபாய்க்கும் அதேதான். முத்து விற்றவனுக்கு பம்பாயில் அரிசியும் துணியும் கிடைத்த வரை ரூபாய் அங்கே ஓடியது. மதிப்பு நிற்காது என்று தெரிந்த நாளில் போய்விட்டது.

எங்கள் மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கம் இப்போது மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பேட்டரிக்கான லித்தியத்தை வெளியிலிருந்து வாங்கினால் அதற்கும் டாலர்தான். எண்ணெயை விட்டாலும் இந்தக் கணக்கு நம்மை விடாது. அவர்களுக்குத் தேவையான பொருளை நாம் செய்து விற்றால்தான் நம் நோட்டை அவர்கள் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அவங்களும் நம்மகிட்ட துணி வாங்கினாங்களா?" என்று கேட்டார். ஆமாம் அப்பா, நம் துணி வாங்கியவர்கள்தான் நம் ரூபாயையும் வைத்திருந்தார்கள்.