பழுது பார்ப்பவனை வணங்கிய பாண்டியன்

சாரல் காலம் வந்தால் போதும், குற்றாலம் நோக்கிக் கூட்டம் புறப்படும். பேரருவியிலே நீராடுவர், ஐந்தருவியிலே ஆடுவர். திரும்பும் வழியில் தென்காசிக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கி, "எவ்வளவு உயரம்!" என்பர். வண்டி ஏறுவர். நம்மவர் வரலாறு காணும் முறை அவ்வளவே!

கோயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கனவிலே சிவன் வந்தான், எறும்புச் சாரை வழிகாட்டிற்று என்பார்கள். கதை கிடக்கட்டும், கல் கூறுவது என்ன?

மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் வழியிலே வந்தவன் பராக்கிரம பாண்டியன். 1446-ல் கோயிற்பணி தொடங்கினான். 1457-ல் கோபுரத்துக்கு அடியிட்டான். முடியக் காணாமலே மறைந்தான். முடித்தவன் தம்பி குலசேகரன். அந்தப் பராக்கிரமன், கல்லிலே, தமிழ்ப்பாட்டிலே ஒரு சொல் விட்டுச் சென்றான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது நேர்ந்து, அதனைச் சீர்செய்பவர் எவராயினும், அவரை உலகறிய நான் வணங்குகிறேன் என்பது அதன் கருத்து.

முடி தரித்தவன், இன்னும் பிறவாத ஒருவனுக்கு முன்கூட்டியே தலை தாழ்த்துகிறான்! ஆண்டவன் காத்துக்கொள்வான் என்று அவன் இருந்துவிடவில்லை. கல் விரியும், சுதை உதிரும், மனிதன் கைதான் மீண்டும் எடுத்துக் கட்டவேண்டும் என்பதை அறிந்திருந்தான். அஞ்சியது நடந்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. 1990-ல்தான் ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடிக்கு மறுபடி எழுந்தது.

கல்லிலே விழுந்த பழுது அது. மற்றொரு பழுதும் உண்டு. அதனைக் கொத்தனார் பூச முடியாது. சிவகாசி விசுவநாதர் கோயிலும் இதே பாண்டியன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதே. அங்கே நாடார்கள் நுழைவுரிமை கேட்டதையொட்டி 1899-ல் கலவரம் மூண்டது; வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. தாழ்த்தப்பட்டோர்க்கோ, சென்னை மாகாணத்துக் கோயில்களின் வாயில் திறக்க 1947-ல் சட்டமே வேண்டியிருந்தது. எவராயினும் என்று மன்னன் சொன்னது 1446-ல் தொடங்கிய கோயிலில். கல் சுமந்தவன் வழிவந்தவன் உள்ளே செல்லச் சட்டம் வந்த ஆண்டு 1947. இடையே எத்தனை தலைமுறை? கணக்கை நீங்களே போடுங்கள்.

அடுத்த சாரலுக்குச் செல்லும் தோழரே, தென்காசியில் அரை மணி நேரம் இறங்குங்கள். கல்வெட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அருவிக் குளியல் பிறகு ஆகட்டும்.