எஸ்டோனியக் கால்பந்தின் கீழ்ப்படிகள்

செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து, லீக் புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்பதுதான் என் பழக்கம். கோப்பை யாருக்கு என்பதை முதல் வரியே சொல்லிவிடும். ஒரு நாட்டில் அந்த ஆட்டம் எப்படி உயிரோடிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கடைசி வரிகளுக்குத்தான் போக வேண்டும். எஸ்டோனியா எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். சுமார் 13 லட்சம் பேர் வாழும் அந்தப் பால்டிக் நாட்டின் கால்பந்து, தன் ஆயுளில் அரை நூற்றாண்டைக் கீழ்ப்படிகளிலேயே கழித்தது.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. தேசிய அணி 1920 அக்டோபர் 17 அன்று ஹெல்சிங்கியில் பின்லாந்திடம் 6-0 எனத் தோற்றாலும் துவண்டுவிடவில்லை. 1921இல் கால்பந்துச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டில் நடந்த முதல் தேசிய லீகைத் தாலின் நகரத்தின் ஸ்போர்ட் அணி வென்றது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவிடம் ஒரே ஒரு கோலில்தான் தோல்வி. அந்தக் காலத்துக் கோல்கீப்பர் எவால்ட் திப்னரின் பெயரைத்தான் இன்றும் எஸ்டோனியக் கோப்பை தாங்கி நிற்கிறது.

1940 ஜூனில் சோவியத் படைகள் நாட்டைக் கைப்பற்றின. ஜூலை 18 அன்று தாலினில் லாட்வியாவை 2-1 என வென்ற ஆட்டத்தோடு தேசிய அணியின் கதை நின்றது. அடுத்து அது களமிறங்க 52 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எஸ்டோனியாவின் சொந்த லீக், சோவியத் கால்பந்தின் அடித்தட்டில் ஒரு குடியரசுப் போட்டியாகச் சுருங்கிப்போனது. தாலினா காலெவ் மட்டும் 1960, 1961 ஆகிய இரண்டு பருவங்கள் சோவியத்தின் உச்ச லீகில் ஆடியது. தொழிற்சாலை வேலைக்கென்று வந்து குடியேறியவர்கள் பெருகப் பெருக, கால்பந்து ரஷ்ய மொழிக்காரர்களின் ஆட்டம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. எஸ்டோனியக் குடும்பங்கள் பிள்ளைகளை வேறு ஆட்டங்களுக்கு அனுப்பின.

அப்போது ரோமன் உபகிவி என்ற பயிற்சியாளர், எஸ்டோனிய மொழி பேசும் சிறுவர்களைத் திரட்டி ‘லொவிட்’ என்ற அணியை வளர்த்தார். பெரிய லீகில் அதற்கு இடம் கிடையாது. ஆனால் பின்னாளில் இங்கிலாந்தின் டார்பி கவுண்டிக்கு ஆடிய கோல்கீப்பர் மார்ட் பூம் அங்கே உருவானவர்தான். அந்த மரபிலிருந்து வந்த ஐவர் போலக் 1990இல் ஃப்ளோரா கிளப்பைத் தொடங்கினார். 1992இல் மெய்ஸ்ட்ரிலீகா என்ற முதல் பிரிவும் அதற்கடுத்த படியாக எசிலீகாவும் வந்தன. அதே ஆண்டு ஜூன் 3 அன்று ஸ்லோவேனியாவுடன் 1-1 எனச் சமன் செய்து, தேசிய அணி மறுபடி எழுந்தது.

முதலில் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடியும் ஐரோப்பிய முறையைத்தான் பின்பற்றினார்கள். பனி அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1998இன் பிற்பாதியில் ஒரு குறுகிய பருவத்தை நடத்தி முடித்துவிட்டு, 1999 முதல் வசந்தத்தில் தொடங்கி நவம்பரில் முடிக்கும் வழக்கத்துக்கு மாறினார்கள். எசிலீகாவில் 10 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வொன்றையும் நான்கு முறை சந்திக்கும். மொத்தம் 36 ஆட்டங்கள். 2013இல் அதற்கடுத்த படியாக எசிலீகா பி சேர்ந்தது. அதற்கும் கீழே வட்டார வாரியாக இன்னும் சில படிகள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்களின் உலகம் அது. சாரேமா தீவின் குரெஸ்ஸாரே அணிக்கு வெளியூர் ஆட்டம் என்றால், குய்வாஸ்டு துறையில் படகேறி விர்ட்சுவில் இறங்கிய பிறகுதான் பெருநிலத்துச் சாலைப் பயணம் தொடங்கும்.

இந்தப் படிகளில் ஏறவும் முடியும், சறுக்கவும் முடியும். 1923இல் பிறந்து, சோவியத் காலத்தில் மறைந்து, 1997இல் மீண்டும் தொடங்கப்பட்ட நொம்மே கால்யு கீழ் லீகுகளிலிருந்து ஏறி 2008இல் முதல் பிரிவுக்கு வந்தது. 2012இல் பட்டம் வென்றது. 2018இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடி வென்றது. யுரேனியத்துக்காகச் சோவியத் காலத்தில் வெளியாருக்கு மூடிவைக்கப்பட்டிருந்த சில்லமாயே நகரத்தின் காலெவ் அணியோ ஐரோப்பா லீக் தகுதிச் சுற்று வரை போய்விட்டு, 2017க்குப் பிறகு மேல் லீகில் இடமிழந்தது.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஃப்ளோரா, லெவாடியா போன்ற பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் எசிலீகாவில் ஆடுகின்றன. முதலிடம் பிடித்தாலும், தாய் அணி இருக்கும் லீகுக்கு அவை ஏற முடியாது. வாய்ப்பு அடுத்த அணிக்குப் போய்விடும். இளைஞர்களுக்கு அனுபவசாலிகளோடு மோதும் பயிற்சி கிடைக்கிறது என்பது நியாயமான வாதம்தான். சின்ன நாட்டுக்கு அது தேவையும்கூட. ஆனால் சொந்தத் தேசிய அணி இல்லாத அரை நூற்றாண்டில் இந்த ஆட்டத்தைக் காப்பாற்றியவை ஊர்த் திடல்களும் சிறுவர் அணிகளும்தான். ஏற முடியாத அணிக்கு ஏணியில் இடம் எதற்கு? இரண்டாம் அணிகளுக்குத் தனி லீக் அமையட்டும். எசிலீகாவின் பத்து இடங்களும் ஊர்களின் சொந்த அணிகளுக்கே சேர வேண்டும்.