காலு ரெடி... தோள் ரெடியா? சைக்கிளில் விழுந்து தோள்பட்டை போனவர்களுக்கு ஒரு கம்பேக் கைடு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் ஈ.சி.ஆர் சைக்கிள்களால் நிறைய ஆரம்பித்துவிடும். முட்டுக்காடு பாலம், கோவளம் தாண்டினால் திருவிடந்தை. ஊருக்கெல்லாம் இது நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இருக்கிற இடம், கல்யாண வரம் கேட்டு மாலையோடு வருகிற ஊர். சைக்கிள்காரர்களுக்கோ சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மைல்கல். சிலர் இங்கே டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள், மற்றவர்கள் மாமல்லபுரம் வரை மிதிப்பார்கள்.

கடலோர ரோடு என்பதால் ஓரத்தில் மணல் படிந்திருக்கும். ரோடு பைக்கின் மெல்லிய டயருக்கு ஒரு பிடி மணல் போதும், வழுக்கிவிட. திடீரென்று குறுக்கே வருகிற நாய், இருட்டில் தெரியாத பேரிகேடு, முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தில் உரசுவது... காரணம் எதுவானாலும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். பக்கவாட்டில் சாய்ந்து, தோள் முனை தரையில் அடித்து விழுவோம். இல்லையென்றால் கையை நீட்டி ஊன்றுவோம், அந்த அதிர்ச்சி நேராகத் தோளுக்குப் போகும்.

விழுந்தவர்கள் எல்லோரும் டாக்டரிடம் முதலில் கேட்கிற கேள்வி, ‘மறுபடி எப்போ ஓட்டலாம்?’ இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கு. சைக்கிள் ஓட்டுகிறவருக்கு முதலில் தயாராவது கால். அதற்கு அடியே படவில்லையே! ஆனால், பிரேக் பிடிப்பதும், பள்ளத்தில் இறங்கும்போது உடம்பைத் தாங்குவதும், ஹேண்டில்பாரைத் திருப்புவதும் தோளின் வேலை. கால் சொல்வதைக் கேட்டு ரோட்டுக்கு வருகிறவர்கள்தான் இரண்டாவது முறை விழுகிறார்கள்.

எது உடைஞ்சது?

‘தோள்பட்டை போச்சு’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அதற்குள் பல பார்ட்ஸ் இருக்கு. இதற்கு மார்க் காவெண்டிஷைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிரிட்டனைச் சேர்ந்த இந்த ஸ்பிரின்டர் 2014 டூர் டி பிரான்ஸின் முதல் நாளே ஹாரோகேட்டில் விழுந்தார். காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேருகிற ‘ஏ.சி. ஜாயின்ட்’ விலகி, ஆபரேஷன். 2017 டூரில் விட்டெல் ஊரில் விழுந்தபோது தோள்பட்டை எலும்பில் முறிவு. 2023 டூரின் எட்டாவது நாளில் காறை எலும்பு முறிவு. மூன்று முறையும் போட்டியை விட்டு வெளியேறினார். மூன்றும் தோள் பகுதிதான், ஆனால் மூன்றும் வெவ்வேறு காயம். அடுத்த வருடமே, 2024 ஜூலை 3 அன்று, டூரில் தன் 35-வது ஸ்டேஜை ஜெயித்து எடி மெர்க்ஸின் சாதனையை முறியடித்தார்.

இந்த மூன்று தவிர இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, மூட்டே கழன்று பந்து கிண்ணத்தைவிட்டு வெளியே வருவது. ‘தோள் இறங்கிடுச்சு’ என்போமே, அது. பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் கழலும். அப்போது கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிற ‘லேப்ரம்’ என்ற ரப்பர் வளையம் மாதிரியான திசு கிழிந்துவிடலாம். இன்னொன்று, பந்தைப் பிடித்து வைத்திருக்கிற நான்கு தசைகளின் தொகுப்பான ‘ரொட்டேட்டர் கஃப்’ கிழிவது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் விழுந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரியும், கை மட்டும் தூக்க முடியாது. அப்படி இருந்தால் ஸ்கேன் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். எந்தக் காயம் என்று தெரியாமல் யூடியூப் எக்சர்சைஸை ஆரம்பிப்பது வேண்டாத வேலை.

விழுந்த அந்த ஒரு மணி நேரம்

2022 ஜூலை 6, டூர் டி பிரான்ஸின் ஐந்தாவது நாள். ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச் கீழே விழுந்து தோள் இறங்கிவிட்டது. ரோட்டோரம் இருந்த ஒருவரின் நாற்காலியை வாங்கி, அதில் உட்கார்ந்து, தானே தோளை உள்ளே தள்ளிக்கொண்டு மறுபடி சைக்கிள் ஏறினார். படிக்க மாஸாகத்தான் இருக்கும். ஆனால், அவருக்கு அது முதல் முறை இல்லை. 2021 பாரிஸ்-நீஸ் போட்டியின் கடைசி நாளிலும் தோள் இறங்கியிருந்தது. 2022 டூரை அவரால் முடிக்க முடியவில்லை. அந்த வருடக் கடைசியில் ஆபரேஷன் செய்து, இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்துத் தோளில் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் 2023 மே மாதம் ஜிரோ டி இத்தாலியாவை ஜெயித்தார். நாற்காலி கதையை மட்டும் ஷேர் பண்ணுகிறவர்கள் இந்த ஆபரேஷன் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

எனவே ஈ.சி.ஆரில் யாராவது ‘நான் இழுத்து விடறேன்’ என்று வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழன்ற மூட்டோடு சேர்ந்து எலும்பும் உடைந்திருக்கலாம், பக்கத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் போகின்றன. நம்ம ஊரில் புத்தூர் கட்டுக்குப் போகிற பழக்கமும் இருக்கு. எக்ஸ்ரே எடுக்காமல் தோளை இழுப்பதோ கட்டுவதோ ஆபத்து. ஒரு துப்பட்டாவையோ டவலையோ கழுத்தில் கட்டி, கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். மேல் கையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது, விரல்கள் சில்லிட்டுப் போவது, எலும்பு தோலை முட்டிக்கொண்டு நிற்பது, மூச்சு விடச் சிரமம், தலையில் அடி... இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரம் என்று அர்த்தம். ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

காசு பற்றிய பயத்தில் தாமதிக்க வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் சாலைகளில் விபத்தில் சிக்கும் யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். தொடங்கும்போது வரம்பு 1 லட்சம் ரூபாய். திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் செல்லும்.

ஆபரேஷன் வேணுமா, வேண்டாமா?

எல்லாக் காறை எலும்பு முறிவுக்கும் கத்தி தேவையில்லை. துண்டுகள் அதிகம் விலகாமல் இருந்தால் ஸ்லிங் மாட்டிப் பொறுமையாக இருந்தாலே கூடிவிடும். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எலும்பு குட்டையாகிவிட்டாலோ, தோலைக் கிழித்தாலோ பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பார்கள். ஏ.சி. ஜாயின்ட் காயத்தை ஆறு கிரேடாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டுக்குப் பொதுவாக ஆபரேஷன் கிடையாது, கடைசி மூன்றுக்குப் பெரும்பாலும் உண்டு, நடுவில் இருக்கிற மூன்றாவது டாக்டர்களுக்குள்ளேயே பட்டிமன்றம்தான். இளம் வயதில் ஒருமுறை தோள் இறங்கினால் மறுபடி இறங்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் இருபதுகளில் இருக்கிறவர்களுக்கு லேப்ரம் ஆபரேஷனைச் சீக்கிரமே பேசுகிறார்கள்.

ஸ்லிங் வாரங்கள்

கஷ்டமான கட்டம் இது. வலியைவிட எரிச்சல்தான் அதிகம் இருக்கும். காயத்தையும் ஆபரேஷனையும் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு வாரம் வரை ஸ்லிங் இருக்கலாம். சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்த ஒரு டெக்னிக் தெரிந்தால் பாதி அழுகை மிச்சம். டி-ஷர்ட்டை மறந்துவிட்டு, முன்னால் பட்டன் வைத்த உடைகளை எடுத்து வையுங்கள். வலது தோள் என்றால் சாப்பாடு ஸ்பூனில்தான், கூச்சப்படாதீர்கள். மல்லாந்து படுத்தால் தோள் பின்னால் விழுந்து வலிக்கும். முதுகுக்குத் தலையணை அடுக்கி, பாதி சாய்ந்து, முழங்கைக்குக் கீழே ஒரு சின்ன தலையணை வைத்தால் தூக்கம் வரும். நம்ம வெயிலில் அக்குள் வேர்த்துப் புண்ணாகும். பிசியோ சொல்லித்தருகிற மாதிரி முன்னால் குனிந்து, கையைத் தொங்கவிட்டுத் துடைத்து, காட்டன் துணி வையுங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவதும், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதும் இப்போதைக்குக் கிடையாது.

தோளுக்குத்தான் ரெஸ்ட், கைக்கு இல்லை. விரல், மணிக்கட்டு, முழங்கையை டாக்டர் அனுமதித்த நாளிலிருந்தே அசைக்க வேண்டும். இல்லையென்றால் தோள் குணமாகும்போது முழங்கை இறுகியிருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ வர வாய்ப்பு கூடுதல் என்பதால் சுகரையும் கவனிக்க வேண்டும். சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். காயத்தில் சீழ், காய்ச்சல், திடீர் வீக்கம் இருந்தால் அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம் பிசியோ. முதலில் மேசையைப் பிடித்துக் குனிந்து கையை ஊஞ்சல் மாதிரி ஆடவிடுவது, பிறகு ஒரு குச்சியைப் பிடித்து நல்ல கையால் மற்றதைத் தூக்குவது, சுவரில் விரல்களால் ஏறுவது, கடைசியில் தெரபேண்ட். பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். இதைத்தான் நிறைய பேர் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். தனியாருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் கேட்கலாம்.

ட்ரெய்னர் என்கிற தூண்டில்

பின் சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற இண்டோர் ட்ரெய்னர், காயப்பட்டவருக்கு வரம்தான். ஸ்லிங்கோடு நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கையில் எடை போடாமல் மிதிக்க, ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் பல டாக்டர்கள் அனுமதிப்பார்கள். தையல் பிரிக்கும்வரை வேர்வை காயத்தில் இறங்கக் கூடாது, ஃபேன் கட்டாயம். ஏறும்போதும் இறங்கும்போதும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். ட்ரெய்னரிலிருந்து விழுந்தவர்களும் உண்டு!

ஆனால், நான்கு வாரம் இப்படி மிதித்த பிறகு ஆப்பில் நம்பர்கள் பழையபடி வந்துவிடும். உடம்பு லேசாகத் தெரியும். வலியும் குறைந்திருக்கும். ‘போயிடலாமா?’ என்று மனசு கேட்கும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: வலி போனதற்கும் காயம் ஆறியதற்கும் சம்பந்தமில்லை. ரொட்டேட்டர் கஃப் தைக்கப்பட்டிருந்தால் தசைநார் எலும்போடு ஒட்டவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ரோட்டுக்கு வர நான்கிலிருந்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காறை எலும்பில் பிளேட் வைத்தவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் திரும்பலாம், எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்டினால். கூடாத எலும்பின் மேல் மறுபடி விழுந்தால் பிளேட்டே வளையும், அல்லது பிளேட் முடிகிற இடத்தில் எலும்பு உடையும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்.

‘ப்ரோ ரைடர்ஸ் சீக்கிரம் வர்றாங்களே?’ என்பீர்கள். யோனஸ் விங்கேகார்ட் 2024 ஏப்ரல் 4 அன்று விழுந்து காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலும் காயப்பட்டது. அடுத்து அவர் போட்டியில் இறங்கியது ஜூன் 29 தொடங்கிய டூர் டி பிரான்ஸில், பன்னிரண்டு வாரம் கழித்து. இரண்டாவதாக வந்தார். முழுநேர டாக்டர், பிசியோ, போக்குவரத்து நிறுத்தப்பட்ட ரோடு எல்லாம் இருக்கிற மனிதருக்கே பன்னிரண்டு வாரம். நமக்குப் பக்கத்தில் பாண்டிச்சேரி பஸ் போகிறது. நம்ம ஊர் உதாரணம் வேண்டுமென்றால், 2021 மார்ச்சில் ஃபீல்டிங் செய்யும்போது தோள் இறங்கிய ஷ்ரேயஸ் ஐயர் ஆபரேஷனுக்குப் பிறகு ஐ.பி.எல் ஆட வந்தது செப்டம்பரில்.

ரோட்டுக்கு முன் தோளைக் கேளுங்க

டாக்டர் ஓகே சொன்ன பிறகும் வீட்டிலேயே சிலவற்றைச் செய்து பார்க்கலாம், வலி மாத்திரை போடாத நாளில். இரண்டு கையையும் காதோடு ஒட்டித் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா? திருவிடந்தையில் மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொள்கிற அளவுக்காவது! ஒரு நிமிடம் பிளாங்க் நிற்க முடிகிறதா? சைக்கிளைத் தூக்கி இரண்டு படி ஏற முடிகிறதா? பிறகு காலி மைதானத்தில், மெதுவான வேகத்தில், திடீர் பிரேக். நம்ம ஊர் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் வலது கை பிரேக்தான் முன் சக்கரத்துக்கு. வண்டியை நிறுத்துவதில் பெரிய பங்கு அதற்குத்தான். உங்களுக்கு அடிபட்டது வலது தோள் என்றால், இந்தச் சோதனையில் தேறாமல் ரோட்டுக்கு வராதீர்கள். இடது தோள் என்றால் வேறு சிக்கல். வலது பக்கம் திரும்ப வலது கையை நீட்டி சிக்னல் காட்டும்போது முழு எடையும் இடது தோளில் இறங்கும். அதையும் மைதானத்திலேயே பழகுங்கள். தலையைத் திருப்பிப் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும்போது சைக்கிள் நேராகப் போகிறதா என்றும் கவனியுங்கள்.

சைக்கிளிலும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். ஹேண்டில்பாரை உயர்த்தி, ஸ்டெம்மைக் குட்டையாக்கினால் தோளில் இறங்கும் எடை குறையும். ஃப்ரேமில் இடமிருந்தால் அகலமான டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அதிர்வு குறையும், மணலிலும் பிடிமானம் கூடும். ஸ்டைல் போகும்தான், போகட்டும்.

முதல் ரைடு ஞாயிற்றுக்கிழமை குரூப்போடு வேண்டாம். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டும்போது பிரேக் பிடிக்கக் கிடைப்பது கண நேரம்தான். ஒரு வாரநாளில், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, நம்பிக்கையான ஒருவரோடு கோவளத்திலிருந்து திருவிடந்தை வரை போய் வாருங்கள், சில கிலோமீட்டர்தான். கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும்போது கை இறுகும், அது பயம். மூச்சை விட்டு முழங்கையைத் தளர்த்துங்கள். வீட்டுக்கு வந்து அன்று இரவு தோள் எப்படி இருக்கிறது, மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வலி இரவோடு போய்விட்டால் இரண்டு நாள் கழித்து அதே தூரம். மறுநாளும் தொடர்ந்தால் தூரத்தைக் கூட்டாமல் பிசியோவிடம் போங்கள். மாமல்லபுரம் அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம்.