அட்டன்: தோட்ட வேலியோடு நின்ற நகரம்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே மலையேறுகிறது. கடல்மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேலே, பனிமூட்டத்தினூடே அது வந்து நிற்குமிடம் அட்டன். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளுக்கெல்லாம் வாசல் இதுவே. மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களும் இங்கேதான் இறங்குகின்றனர்.

மலைநாட்டின் பழம்பெரும் நகரமாகிய கண்டிக்கு ஓர் அரசன் இருந்தான், அரண்மனை இருந்தது. அட்டனுக்கு இருந்தவை ஒரு தண்டவாளமும் ஒரு செடியுமே. பெயர்கூட ஸ்கொத்லாந்திலுள்ள ஓர் ஊரின் பெயர் என்பர்.

அந்தச் செடி முதலில் கோப்பியாக இருந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். ஆகவே தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தவர்களுட் பலர், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்ட தேயிலை, பின்னர் மலையெங்கும் பரவியது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களில் நிலைத்தது அதனாலேயே. நிலைத்த மக்களுக்கு அரிசி வேண்டும், துணி வேண்டும், திருவிழாவுக்குப் பூவும் வேண்டும். நகரம் உண்டானதன் இரகசியம் இவ்வளவுதான்.

1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த புகையிரதப் பாதை 1884இல் அட்டனை எட்டியது. மறுவருடம் சிங்கமலைச் சுரங்கத்தின் வழியே நானுஓயாவைச் சேர்ந்தது. இந்நாட்டின் மிக நீண்ட புகையிரதச் சுரங்கம் அதுவே. 1888இல் தோட்டத்துரைமார் இருவர் இங்கே ஒரு வங்கியைத் தொடங்கினர். ‘அட்டன் நஷனல் வங்கி’ என்று பிற்காலத்தில் நாடெங்கும் கிளை பரப்பிய நிறுவனத்தின் மூலம் அதுதான். தோட்டத்துப் பணம் நகரத்தின் ஊடாக ஓடிற்று; கடைவீதி நீண்டது; கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன.

நகரசபையின் எல்லை மட்டும் தோட்டத்து வேலியோடு நின்றது. கடைவீதியை வாழவைத்த மக்களுட் பெரும்பாலார் அந்த எல்லைக்கு வெளியே இருந்தனர். அவர்களுடைய தண்ணீர்ப் பீலி, கூரைத்தகரம், நோய்க்கு மருந்து, பிள்ளையின் படிப்பு யாவும் தோட்ட நிருவாகத்தின் கையில். 1930களின் பிற்பகுதியில் கிராமச்சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோதும் தோட்டத் தொழிலாளருக்கு அச்சங்கங்களில் வாக்குரிமை கிடைக்கவில்லை. எனினும் நாட்டின் சட்டசபைக்கு வாக்களிக்கத் தகுதி பெற்ற தொழிலாளர் பலர் இருந்தனர். அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யர் 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். சட்டசபைக்கு ஆள் அனுப்பக்கூடியவன் தன் லயத்து வாய்க்காலைத் திருத்த ஓர் அங்கத்தவரை அனுப்ப முடியாதிருந்தான் என்பது விந்தையான நிலைமை.

இருந்த உரிமையும் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களிற் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தேயிலைப் பெட்டிகள் இறங்கிப்போன அதே பாதையில் குடும்பங்கள் தலைமன்னாரை நோக்கிப் பயணமாயின. தமையன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என்று ஒரே லயம் இரண்டாகிய கதைகள் அநேகம்.

1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் பிரச்சினை தீர்ந்தது. வேலி தீரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு தோட்டப் பகுதிகளில் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது. தோட்டத்து வாக்குகளால் தெரிவான அங்கத்தவர், தம் வீட்டுக்குச் செல்லும் பாதைக்குக் கல் போடவும் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அத்தடையை நீக்கியது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களில் புதிய பிரதேச சபைகளும் அவ்வாண்டிலேயே இயங்கத் தொடங்கின.

லயங்கள் நிற்கும் நிலமோ 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் கைக்கு மாறியது. மாலையில் அட்டன் பேருந்து நிலையத்திலிருந்து அரிசிப் பையுடன் புறப்படுகிறவர், நகரசபைத் தெருவிளக்குகள் முடிந்த பின்னரும் நெடுந்தூரம் போகவேண்டும்.