உமி கழற்றப் போன சாமை

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் ஆடியில் விதைக்கிற சாமை ஐப்பசி வாக்கில் களத்துக்கு வந்துவிடும். உமியோடு கிடக்கும்வரை அதற்கு அவசரமில்லை. பூச்சி எளிதில் அண்டாது, வருடக்கணக்கில் இருக்கும். உமியைக் கழற்ற வேண்டும் என்றதும் அதன் பயணம் தொடங்கிவிடுகிறது.

ஆயிரம் மணியை நிறுத்தால் இரண்டு மூன்று கிராம்தான் தேறும். உமியோ அரிசியை இறுகப் பிடித்திருக்கும். நெல் மில்லின் ரப்பர் உருளைகளில் விட்டால் சில மணி உரியாமல் நழுவும், சில மணி நொறுங்கிக் குருணையாகும். அதனால் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் உரலில் குத்தினார்கள், முறத்தில் புடைத்தார்கள், மறுபடியும் குத்தினார்கள். காட்டு வேலை முடித்து வந்த பிறகு ராத்திரிச் சோற்றுக்குச் செய்கிற வேலை இது. ரேஷன் அரிசி வந்ததும் பல வீடுகளில் உலக்கையை மூலையில் சாத்தினார்கள் என்றால், அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

சாப்பிடாத சாமை விலைக்குப் போயிற்று. தருமபுரிப் பக்கத்து மலைச் சாமை வியாபாரிகள் கைமாறி, மகாராஷ்டிரத்தின் நாசிக் வரை லாரியில் பயணம் செய்தது. பெரிய அரவை ஆலைகள் அங்கே இருந்தன. உமி நீங்கி, தவிடும் தீட்டப்பட்டு, வெள்ளையாகப் பாக்கெட்டில் அடைபட்டுத் தமிழ்நாட்டுக் கடைகளுக்குத் திரும்பியது. மலைக்குக் கிடைத்தது வெறும் தானிய விலை.

அந்த ஆலைகள் தங்கள் வியாபாரத்துக்குப் பொருத்தமானவைதான். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சில மாதங்களில் காறல் வாடை அடிக்கும். நகரத்துக் கடைக்குக் கெடாத அரிசி வேண்டும். ஆலைக்கு லாரி லாரியாகத் தானியம் வேண்டும். மலைக்குடும்பத்துக்கு வேண்டியதோ வாரத்துக்கு ஒன்றிரண்டு படி, அதுவும் தவிடோடு. அந்த அளவுக்கு யாரும் இயந்திரம் செய்யவில்லை.

செய்ய முயன்றவர்கள் பிறகு வந்தார்கள். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமக் குழுக்களிடம் சிறு அரவை இயந்திரங்களை ஒப்படைத்தது. 2011 முதல் தானம் அறக்கட்டளையும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கனடா நிதியுதவியோடு, சிறுதானிய உமி நீக்கும் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தின.

அதன் வேலை நேரடியானது. வேகமாகச் சுழலும் தட்டு தானியத்தைச் சுவரில் வீசும். மோதும்போது உமி பிளக்கும். காற்றாடி உமியைத் தள்ளிவிடும். வேகம் கூடினால் குருணை, குறைந்தால் உரியாத மணி. ஈரம் இருந்தால் உமி பிளக்காது. பனியும் மழையும் உள்ள மலையில் முதலில் நன்றாக வெயிலில் காயப்போட வேண்டும். மோட்டாரும் சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓட வேண்டும். த்ரீ பேஸ் வராத ஊரில் பெரிய மோட்டாரை இறக்கினால் அது கொட்டகையில் துருப்பிடிக்கும்.

2023 உலகச் சிறுதானிய ஆண்டுக்குப் பிறகு சாமைக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. புதிதாக இயந்திரம் கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெல்ட் அறுந்தாலோ சல்லடை கிழிந்தாலோ மாற்றத் தெரிந்த ஒருத்தி அந்தந்த ஊரிலேயே இருக்க வேண்டும். அவளுடைய பயிற்சிக்கும், உதிரிப் பாகங்களுக்கும், அவள் கூலிக்கும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.