ஆட்டிசமும் தாய்மார்மீது விழுந்த பழியும்

ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளக் காரணமானவர் லியோ கானர். பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்த அவர், 8 சிறுவர்கள், 3 சிறுமிகள் என 11 பேரைப் பற்றி 1943இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனிதர்களோடு ஒட்டாமை, கேட்டதையே திருப்பிச் சொல்லுதல், எதுவும் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவற்றை அவர்களிடம் கண்டார். முதலாவதாக இடம்பெற்ற மிசிசிப்பி சிறுவனைப் பற்றி அவன் தந்தை எழுதி அனுப்பிய கடிதமே 33 பக்கம். பெற்றோரின் கூர்ந்த கவனிப்புதான் இந்தத் துறைக்கு முதல் ஆதாரம் என்பதைப் பின்னாளில் வந்தவர்கள் வசதியாக மறந்துபோனார்கள். மாஸ்கோவில் மனநல மருத்துவர் குருன்யா சுகரேவா 1925இலேயே ஆறு சிறுவர்களிடம் ஏறத்தாழ இதே இயல்புகளைப் பதிவுசெய்திருந்தார்; அமெரிக்காவில் அதைக் கவனித்தவர்கள் அரிது.

குறை பிறவியிலேயே வருவது என்றுதான் கானரின் கட்டுரை முடிந்தது. ஆனால், இக்குழந்தைகளின் பெற்றோர் படித்தவர்கள், பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்ற குறிப்பும் அதில் இருந்தது. அந்தக் காலத்தில் பெயர்பெற்ற மருத்துவமனையைத் தேடி வெளியூரிலிருந்து வரக்கூடியவர்கள் படித்தவர்களாகவும் வசதியானவர்களாகவும் இருந்ததில் வியப்பில்லை. 1949இல் கானர் அந்தக் குறிப்பையே பெரிதாக்கி, பனி உருகாத குளிர்சாதனப் பெட்டிக்குள் வளர்ந்த பிள்ளைகள் என்று எழுதினார். போருக்குப் பிந்தைய அமெரிக்க மனநல மருத்துவத்தில் உளப்பகுப்பாய்வு கோலோச்சிய நேரம் அது. பிள்ளையின் குறைக்குத் தாயிடம் காரணம் தேடுவது அங்கே வழக்கமாகியிருந்ததால், ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதை ஊரறியச் செய்தவர் புரூனோ பெட்டல்ஹைம். வியன்னாவில் அழகியல் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்ற அவர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்த்தோஜெனிக் பள்ளியை 1944 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தினார். நாஜிகளின் டாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் கைதியாக இருந்தவர். 1967இல் வெளியிட்ட நூலில் அந்த முகாம் வாழ்க்கையையே ஒப்புமையாக எடுத்துக்கொண்டார். பிள்ளை வாழத் தகாதவன் என்று பெற்றோர் உள்ளூர நினைப்பதால்தான் அவன் தனக்குள் ஒடுங்குகிறான் என்றார். அதற்கு அவர் கண்ட மருந்து, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பது. சான்று என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் புத்தகத்துக்குப் பாராட்டுகள் குவிந்தன.

மறுப்பு அந்நூலுக்கு முன்பே ஒரு தகப்பனிடமிருந்து வந்திருந்தது. பெர்னார்ட் ரிம்லாண்ட் சான்டியேகோவில் அமெரிக்கக் கடற்படையின் உளவியலாளர். அவருடைய மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்து அவர் எழுப்பிய கேள்விகள் எளியவை. தாய் குளிர்ந்தவள் என்றால் அதே தாயின் மற்ற பிள்ளைகள் ஏன் இயல்பாக வளர்கிறார்கள்? ஆண் குழந்தைகளிடம் ஏன் இது பல மடங்கு கூடுதல்? ஒரே கருவில் உருவான இரட்டையர் இருவருக்குமே ஏன் வருகிறது? 1964இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதியவர் கானர்தான். அடுத்த ஆண்டே ரிம்லாண்டின் முயற்சியில் பெற்றோர்களின் தேசியச் சங்கம் தொடங்கியது. 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கானர், பெற்றோர்மீது குற்றமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்.

பிரிட்டனிலும் பெற்றோரே முன்னின்றார்கள். 1962இல் அங்கே சங்கம் கண்டவர்களுள் ஒருவரான மனநல மருத்துவர் லோர்னா விங், ஆட்டிசமுள்ள மகளின் தாய். 1977இல் மனநல மருத்துவர்களான சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிறந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம்; மற்ற 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆயினும் மரபணுவின் பங்கை அதன்பின் ஒதுக்கித்தள்ள முடியவில்லை. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் ஆட்டிசம் தனி இடம் பெற்று, வளர்ச்சிக் குறைபாடுகளோடு சேர்ந்தது.

பிரான்சில் மட்டும் பழைய கோட்பாடு எளிதில் விடைபெறவில்லை. உளப்பகுப்பாய்வு வேரூன்றிய அந்நாட்டில் குழந்தைகளை ஈரத்துணியால் சுற்றிவைக்கும் சிகிச்சைகூட 21ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. 2012இல்தான் அந்நாட்டின் சுகாதார ஆணையம் ஈரத்துணிச் சிகிச்சையை எதிர்த்தது. உளப்பகுப்பாய்வையும் பரிந்துரைக்க மறுத்தது.