கட்சிக்காரர்

மயிலாப்பூர் வக்கீல் ஆபீசில் ‘கட்சிக்காரர் வந்திருக்கிறார்’ என்றால் வழக்கோடு ஒருவர் காத்திருக்கிறார் என்று பொருள். பனகல் பூங்கா வாசலில் அதே சொல்லைக் கேட்டால் கரைவேட்டிதான் நினைவுக்கு வரும்.

பழந்தமிழில் கட்சி என்பது புகலிடம், பறவைக்கூடு. இன்றைய கட்சி வேறு. ‘கக்ஷி’ என்ற வடசொல் வழி வந்தது. வழக்காடுபவரைக் கன்னடத்தார் ‘கக்ஷிதார’ என்கிறார்கள். தஞ்சை லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று பாடுவோர் எரிந்த கட்சி, மறுப்போர் எரியாத கட்சி. அங்கே கட்சி என்றால் வாதம். ‘என் கட்சி என்னவென்றால்’ என்று நாமும் சொல்கிறோமே, அதுதான்.

1916இல் சென்னையில் பிறந்த தென்னிந்திய நல உரிமைச் சங்கம், மறு ஆண்டு ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கில நாளேட்டைத் தொடங்கியது. ஊரார் ஏட்டின் பெயரையே சங்கத்துக்கு வைத்துவிட்டார்கள்: நீதிக்கட்சி. நீதிபதிக்கு ஆகவே ஆகாத ‘கட்சி’, நீதியோடு ஒட்டிக்கொண்ட விந்தையான பெயர் இது. தியாகராயர், பனகல் அரசர், டாக்டர் நாயர், நடேசனார் என அதன் தலைவர்களைத் தி.நகரின் சாலைகளும் பூங்காக்களும் இன்றும் சுமக்கின்றன.

அவர்கள் தொடங்கிவைத்த வகுப்புவாரி அரசாணை, விடுதலைக்குப் பின் கல்லூரி இடங்களை 14, 14 ஆகப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்கள், பிராமணர், ஆதிதிராவிடர் ஆகியோருக்குத் தலா 2, கிறித்தவர், முஸ்லிம்களுக்குத் தலா 1. புதிய அரசமைப்பு வந்ததும், 1950இல் செண்பகம் துரைராஜனும் சீனிவாசனும் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் சீனிவாசனுக்காக வாதாடியவர், அரசமைப்பு வரைவுக் குழுவிலேயே இருந்த மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்.

உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதை உறுதிசெய்தார்கள். அவர்கள் காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது. அரசு வேலைவாய்ப்பில் பிற்பட்டோருக்கு ஒதுக்கீடு செய்ய அரசமைப்பின் 16(4)ஆவது பிரிவு இடம் தருகிறது. கல்விச் சேர்க்கை பற்றிய 29(2)இல் அப்படியொரு விலக்கு இல்லை. நலிந்தோர் நலம் பேணச் சொல்லும் 46ஆவது பிரிவு வெறும் வழிகாட்டி நெறி. அடிப்படை உரிமைக்கு அது கீழ்ப்பட்டதே. நீதிபதிகள் கட்சி கட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தை நேராகப் படித்தார்கள். அந்த ஆணை ஏன் பிறந்தது என்பதற்கு அவர்கள் வாசிப்பில் இடமே இல்லாமல் போனது. அதுதான் என் மனத்தாங்கல்.

தமிழ்நாடு கொந்தளித்தது. பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். ஜூனிலேயே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. அது சேர்த்த 15(4)ஆவது பிரிவு கல்வியில் இருந்த இடைவெளியை அடைத்தது. வீதியின் கட்சி சட்டத்தின் எழுத்தாகிவிட்டதால், அடுத்து வந்த நீதிபதிகளின் கையில் இருந்தது வேறு ஏடு.

ஆனால் ஏடு மாறாமலே வாசிப்பு மாறியதும் உண்டு. 1975இல் கேரள அரசு – என்.எம். தாமஸ் வழக்கில், ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விலக்கன்று, சமத்துவத்தின் ஒரு முகமே என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். அவர்கள் முன்னே விரிந்திருந்த 16(4)இல், 1950க்குப் பிறகு ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை.